துரை பங்களாத் தூணில் ஒரு துளையும் விழாமல் மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கை படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார். மகனுக்கு 10 மாதம். தவழ்கிறான், கையில் எது அகப்பட்டாலும் அதைப் பிடித்து எழுந்து நிற்கிறான். அவர்கள் இருப்பது மாமனார் கட்டிய வீடு. தோட்டத்தில் பெரிய துரையின் பழைய பங்களாவைப் பிரித்தபோது, அதன் மாடிப்படியை மாமனார் விலைக்கு வாங்கி, தூண், கைப்பிடிக் கட்டை, கடைசல் குச்சிகள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி வந்து தம் வீட்டில் பொருத்தியிருக்கிறார். அத்தனையும் செங்கால் என்ற கெட்டி மரம். அவருடைய தகப்பனார் அந்தப் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். சிறுவனாக இருந்தபோது அந்தப் படியில் கால் வைக்கக்கூட இவருக்கு அனுமதி இருந்ததில்லை. "அதில் ஓர் ஆணி அடித்தாலும் என்னால் தாங்க முடியாது" என்கிறார் பெரியவர். தங்கையின் கேள்வி இதுதான்: மரத்துக்குச் சேதம் இல்லாமல் படியின் மேல்முனையில் கதவு போட முடியுமா? திருகாணியே வேண்டாத கதவு கடையில் விற்கிறதே, அதை வாங்கி வைத்தால் போதாதா?

கதவு போட முடியும். ஆனால் கடையில் விற்கும் அந்தக் கதவு மேல்முனைக்கு உதவாது. இரண்டையும் விளக்கமாகச் சொல்கிறேன். நான் தச்சன். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே உள்ள வீடுகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் கதவு, ஜன்னல், படி என்று வேலை செய்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளும் எனக்கு உண்டு.

முதலில் கடைக் கதவைப் பற்றி. நான்கு மூலையிலும் ரப்பர் குமிழ் வைத்த திருகுகள் இருக்கும். அவற்றைச் சுற்றச் சுற்ற, கதவின் சட்டம் ஒரு பக்கம் சுவரையும் மறுபக்கம் தூணையும் நெட்டித் தள்ளிக்கொண்டு நிற்கும். அதைப் பிடித்து நிறுத்துவது வெறும் உராய்வுதான். சட்டம் வளையாமல் இருக்க அடியில் ஒரு குறுக்குக் கம்பி ஓடும். கதவைத் திறந்தாலும் அந்தக் கம்பி தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் அப்படியே கிடக்கும். படியின் கீழே அது காலைத் தடுக்கினால் முட்டி சிராய்க்கும். மேலே தடுக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டட ஒழுங்குவிதிகள் ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. அந்த அளவில் 15 படி என்றால் 2.7 மீட்டர். கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த ஆழத்துக்கு விழுவதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இது நான் பார்க்காத கதை அல்ல. என் மகள் வீட்டில் மாடிப்படியின் மேல்முனையில் அப்படிப்பட்ட கதவை மாட்டிக் கொடுத்தவன் நானேதான். அவசரத்துக்கு வாங்கினோம், அன்று எனக்குக் கடைசல் வேலை ஒன்று பாக்கி இருந்தது. மூன்றாவது வாரம் என் மனைவி துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு கதவைக் கடந்தார். கூடை மறைத்ததால் அடிக்கம்பி கண்ணில் படவில்லை. கால் தடுக்கியது. கைப்பிடிக் கட்டையை எட்டிப் பிடித்ததால் இரண்டு படியோடு போயிற்று. ஆனாலும் மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. கதவைக் கழற்றப் போனபோது இன்னொன்றையும் கவனித்தேன். கீழ்க் குமிழ் ஒன்று தூணை விட்டு அரை விரற்கடை நழுவியிருந்தது. நான் இறுக்கியது இறுக்கியபடி இல்லை. பேத்தி சாய்ந்து தள்ளியிருந்தால் கதவோடு சேர்ந்து போயிருப்பாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் படியின் மேல்முனையில் அழுத்தி நிற்கும் கதவை நான் மாட்டித் தருவதில்லை.

அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுப் பதிவுகளை 1990 முதல் 2010 வரை எடுத்து ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்கள். தடுப்புக் கதவு இருந்தும் அடிபட்ட 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர், கதவு கழன்று விழுந்ததாலோ திறந்து கிடந்ததாலோ படியில் உருண்டவர்கள். ஆகவே மேல்முனைக் கதவு திருகாணியால் மாட்டியதாக இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெரியவரிடம் இதையும் சொல்லுங்கள்: அழுத்தி நிற்கும் கதவு மரத்தைக் காப்பாற்றும் என்பதும் தவறு. அது இரவும் பகலும் தூணை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். தூணின் அடிப் பொருத்து அப்படித் தள்ளுவதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு வருடம் தள்ளினால் பொருத்து தளர்ந்து, கைப்பிடியைத் தொட்டதும் தூண் ஆடும். துளையையாவது அடைத்துவிடலாம். ஆடும் தூணைச் சரிசெய்யப் படியையே பிரிக்க வேண்டும். அதோடு ரப்பர் குமிழ் வார்னிஷைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் வெக்கையில் சில மாதங்களில் கறுப்பு வளையம் விழும், பிடுங்கினால் வார்னிஷும் கூடவே உரிந்து வரும்.

இனி செய்ய வேண்டியது. தூணில் துளை போடாமல், திருகாணி கடிப்பதற்கு வேறொரு மரத்தைக் கொடுக்கிறோம். அந்த மரம் தூணை இடுக்கிபோலக் கவ்விப் பிடித்துக்கொண்டு நிற்கும். கதவின் இரும்பெல்லாம் அந்த மரத்தில்தான் ஏறும். பிள்ளை வளர்ந்ததும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் தூண் பழைய தூணாகவே நிற்கும்.

வேலைக்கு இறங்குமுன் தூணை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இம்மியளவு ஆடினாலும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆடும் தூணில் எதைக் கவ்வினாலும் அதுவும் சேர்ந்து ஆடும்.

உங்கள் படத்தில் தூணின் அடியும் தலையும் சதுரமாகவும், நடுப்பகுதி கடைசல் பிடித்து உருண்டையாகவும் இருக்கின்றன. பழைய பங்களாப் படிகளில் வழக்கமான அமைப்பு இது. நமக்கு இது வசதி. ஒன்றரை அங்குலக் கனமும் ஆறரை அங்குல அகலமும் உள்ள மெராந்திப் பலகை ஒன்று வாங்குங்கள். நீளம் தரையிலிருந்து தூணின் மேல் சதுரத்தின் பாதிவரை எட்ட வேண்டும். இது முன்பலகை, கதவு வரும் இடைவெளியைப் பார்த்து, தூணின் உட்பக்கத்தில் நிற்கும். அடி தரையில் ஊன்றி நிற்கட்டும். அப்போது பலகை கீழே வழுக்காது. தரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு துண்டு ஃபெல்ட் போடுங்கள். தூணின் எதிர்ப்பக்கத்துக்கு முழுப் பலகை தேவையில்லை. அங்கே தாழ்வாரத்துக் கைப்பிடி வந்து சேர்ந்திருப்பதால் முழுப் பலகை நிற்கவும் நிற்காது. அதே அகலத்தில் ஒரு சாண் நீளமுள்ள இரண்டு துண்டுகள் போதும். கீழ்ச் சதுரத்துக்கு ஒன்று, மேல் சதுரத்தில் கைப்பிடி சேரும் இடத்துக்குக் கீழே ஒன்று.

முன்பலகையையும் பின்துண்டுகளையும் இணைப்பது 8 மில்லிமீட்டர் போல்ட். மேலே இரண்டு, கீழே இரண்டு. இந்த போல்ட்டுகள் தூணுக்குள் போவதில்லை. தூணின் இரு விளிம்புகளையும் ஒட்டி வெளியே ஓடுகின்றன. மூன்றரை அங்குலத் தூணுக்கு ஆறரை அங்குலப் பலகை கேட்பது அதனால்தான். இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அந்த நீட்சியின் நடுவில் துளை. கடையில் 200 மில்லிமீட்டர் போல்ட் கிடைக்காவிட்டால், முழு நீளத்துக்கும் புரி வெட்டிய கம்பி வாங்கி அறுத்துக்கொள்ளலாம். முதல் கடைசல் குச்சிக்கும் தூணுக்கும் நடுவே உள்ள சந்தில் ஒரு போல்ட் போக வேண்டியிருக்கும். அந்தச் சந்து போதுமா என்று பலகை வாங்குமுன் அளந்துவிடுங்கள். போல்ட்டின் தலை பலகைக்குள் குழி வெட்டி அமிழ்த்தப்பட்டிருக்க வேண்டும். மறுமுனையில் வாஷர் போட்டு, குமிழ் நட்டு மாட்டுங்கள். பிள்ளையின் நெற்றி உயரத்தில் கூரான கம்பி முனை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே என்ன வைப்பது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கைக்கு முதலில் வருவது பழைய சைக்கிள் டியூப். நன்றாகப் பிடிக்கும், வழுக்காது. ஆனால் மேலே சொன்ன கறுப்பு வளையம் நினைவிருக்கட்டும், அதுவும் ரப்பர்தானே. நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட் துணி தடிப்பாகக் கிடைக்கிறது, அல்லது கார்க் தகடு. அதைப் பலகையின் பக்கம் மட்டும் ஒட்டுங்கள், தூணில் பசை படக் கூடாது. இருபுறமும் ஒட்டும் டேப்பைத் தூணில் ஒட்டிக் கதவை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் ஈரக்காற்றில் அது பிள்ளையையும் தாங்காது, வார்னிஷையும் விட்டுவைக்காது. நைலான் பட்டைகளும் அப்படித்தான். வெயில் பட்டு நொறுங்கும், மெல்ல நீளும்.

நான்கு நட்டுகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பலகை கோணும். ஃபெல்ட் பாதிக் கனத்துக்கு அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். பலகையை ஒரு கையால் மேலும் கீழும், பக்கவாட்டிலும் தள்ளுங்கள். தூணே அசைந்தால்தான் பலகை அசைய வேண்டும். அந்த இறுக்கம் போதும்.

இப்போது திருகாணி. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கதவோடு தரும் திருகாணிகள் பல சமயம் 50 மில்லிமீட்டர் இருக்கும். ஒன்றரை அங்குலப் பலகை இழைத்தபின் 35 மில்லிமீட்டர்தான். அந்தத் திருகாணியை அப்படியே ஏற்றினால், பலகையைத் துளைத்து, ஃபெல்ட்டைத் துளைத்து, பெரியவரின் தூணுக்குள் போய் நிற்கும். இவ்வளவு பாடுபட்டதும் வீண். இரும்புத் தகட்டின் கனத்தையும் சேர்த்து 30 மில்லிமீட்டர் திருகாணி வாங்குங்கள். ஏற்றுமுன் திருகாணியைப் பலகையின் ஓரத்தில் வைத்து, அது எதுவரை போகும் என்று கண்ணால் பாருங்கள். மெராந்தி லேசான மரம். மெல்லிய வழித்துளை ஒன்று போட்டுவிட்டால் அழகாக ஏறும்.

செங்கால் அப்படி இல்லை. வழித்துளை இல்லாமல் திருகாணியை ஏற்றினால், பாதியில் தலை முறிந்து உள்ளேயே தங்கும், அல்லது மரம் வெடிக்கும். முறிந்த திருகாணியை எடுக்கச் சுற்றிலும் குடைய வேண்டும். பெரியவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவசரக்காரர்கள் செங்காலில் செய்து வைத்த காயங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மரம் இன்று வாங்குகிற விலையிலும் இல்லை, கிடைக்கிற நிலையிலும் இல்லை.

கதவை மரத்தில் வாங்குவதானால், பலவும் ரப்பர் மரத்தில் செய்தவைதான். 25, 30 ஆண்டு பால் கொடுத்துவிட்டு வெட்டப்படும் மரம், ஒரு காலத்தில் வெறும் விறகு. இப்போது மருந்து ஏற்றி நாற்காலி, மேசை, தொட்டில் எல்லாம் செய்கிறார்கள். 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகள் நம் கோலகங்சாருக்கு வந்தன. பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த மரமே காவல் நிற்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு. ஆனால் மருந்து ஏறாத ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். கதவின் அடியில் மாவுபோல மரத்தூள் கொட்டினால் உடனே மாற்றுங்கள். இரும்புக் கதவு வாங்கினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சுவர்ப் பக்கம் எளிது. உங்கள் வீட்டில் செங்கல் சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சுவரில் துளை போடப் பெரியவர் தடை சொல்லமாட்டார் என்று நம்புகிறேன். அதைப் பிறகு பட்டி பார்த்து ஒரு கை சாயம் அடித்தால் இருந்த இடம் தெரியாது. ஆனால் திருகாணியைப் பிடிக்கும் பிளக் மேற்பூச்சில் மட்டும் நிற்கக் கூடாது. பூச்சு 15, 20 மில்லிமீட்டர் இருக்கும். அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கும் அளவுக்கு 50 மில்லிமீட்டராவது துளையுங்கள். துளையிலிருந்து வரும் தூளின் நிறம் சாம்பலிலிருந்து சிவப்பாக மாறுவதைப் பார்த்தாலே செங்கல் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சிமெண்டுக் கல்லானால் நிறம் மாறாது. துளைகருவி திணறுவதை வைத்துத்தான் அறிய வேண்டும். சுவரடியில் மரப்பலகை ஓடினால் அதைத் தொட வேண்டாம். அதே கனத்தில் ஒரு மரப் பட்டியல் கட்டையை அதற்கு மேலே செங்குத்தாகச் சுவரில் அடித்து, அதில் கீலை மாட்டினால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

பழைய கடைவீட்டு மாடிகளைப் போல இரு பக்கமும் பலகைச் சுவர் உள்ளவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. அவர்கள் படியின் முனையை விட்டுவிட்டு, பிள்ளை இருக்கும் அறையின் வாசலில் கதவு போடுவது நல்லது. படியிலிருந்து விலகிய அறை வாசலில் அழுத்தி நிற்கும் கதவும் செல்லும்.

கீல் சுவர்ப் பக்கம், தாழ்ப்பாள் தூண் பக்கம். மாற்றிச் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு 40 முறை ஆடும் கதவின் பாரமெல்லாம் கீலில்தான் விழும். அதைச் செங்கல் சுமக்கட்டும். கவ்வி நிற்கும் பலகைக்குத் தாழ்ப்பாளின் தள்ளுவிசை மட்டும் போதும். கதவு தாழ்வாரத்தின் பக்கம் மட்டுமே திறக்க வேண்டும், படியின் மேலாக ஒருபோதும் திறக்கக் கூடாது. படிப் பக்கம் திறக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை, தாழ் விட்டதும் வெற்றிடத்துக்குப் போய்விடுவான். முதல் படியின் விளிம்பிலிருந்து கதவு கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: நிற்கும் கம்பிகள்தான் வேண்டும், ஏணிபோல ஏற வழி கொடுக்கும் குறுக்குக் கம்பிகள் வேண்டாம். கம்பிகளுக்கு நடுவே 6 செண்டிமீட்டருக்கு மேலும், அடியில் தரைக்கும் கதவுக்கும் நடுவே 5 செண்டிமீட்டருக்கு மேலும் சந்து விடக் கூடாது. உயரம் பிள்ளையின் உயரத்தில் முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. ஐரோப்பியத் தர விதியான இஎன் 1930 குறைந்தது 65 செண்டிமீட்டர் கேட்கிறது. முக்கால் பங்குக் கணக்கில் அது சுமார் 86 செண்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்குச் சரி, அதாவது ஏறக்குறைய 2 வயது. இடைவெளியை அளக்கும்போது முன்பலகையின் கனத்தையும் ஃபெல்ட்டின் கனத்தையும் கழித்துவிடுங்கள். தரையருகே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டில் சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கும் என்று நம்ப முடியாது.

யாராவது பரணிலிருந்து, விரித்துச் சுருக்கும் பழைய பின்னல் கதவு ஒன்றை எடுத்துக் கொடுத்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். 1985க்கு முன் விற்ற அந்த வகையின் மேல் விளிம்பில் அகன்ற முக்கோணச் சந்துகளும், நடுவில் பெரிய வைரக்கட்டங்களும் இருக்கும். அதில் கழுத்து மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

மாட்டி முடித்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, நீங்களே சோதியுங்கள். அமெரிக்க விதி ஐந்து இடங்களில் 30 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 14 கிலோ விசையில் தள்ளிப் பார்க்கச் சொல்கிறது. நான் செய்வது இன்னும் எளியது. தாழ்வாரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, இரு உள்ளங்கைகளாலும் கதவின் நான்கு மூலையிலும் நடுவிலும் சாய்ந்து தள்ளுகிறேன். பிறகு மேல் விளிம்பைப் பிடித்துக் குலுக்குகிறேன், பிள்ளை குலுக்குவதைப் போல. ஏதாவது ஓர் இடத்தில் "டக்" என்று சத்தம் வந்தால் அந்த இடத்தில் தளர்ச்சி இருக்கிறது. கண்டுபிடிக்காமல் எழுந்துவிடாதீர்கள்.

கதவோடு வேலை முடிந்துவிடாது. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசல் குச்சிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாகத் தெரிகிறது. 10 செண்டிமீட்டர் சதுரத்தில் கெட்டி அட்டை ஒன்றை வெட்டி, குச்சிகளுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். எங்காவது நுழைந்தால், அங்கே பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை சிக்கக்கூடும். அந்த இடங்களுக்குக் கெட்டியான வலைத்துணியோ தெளிவான பிளாஸ்டிக் தகடோ போதும். பருத்தி நாடாவால் குச்சிகளில் கட்டுங்கள். நாடாவின் முடிச்சும் நுனியும் வெளிப்பக்கம் இருக்கட்டும், பிள்ளை வாயில் வைப்பான். இதற்கும் ஆணி வேண்டியதில்லை.

படியின் கீழ்முனைக்கு அழுத்தி நிற்கும் கதவு போடலாம். அங்கே கழன்றாலும் விழ ஆழம் இல்லை. ஆனால் கீழ்த் தூணையும் அது தள்ளத்தான் செய்யும் என்பதால், ஃபெல்ட் ஒட்டிய ஒரு பலகைத் துண்டைக் குமிழுக்கும் தூணுக்கும் நடுவே வையுங்கள். அளவாகவே இறுக்குங்கள். முடிந்தால் கீழேயும் கவ்வுபலகையே போடுங்கள் என்பேன்.

நடைவண்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் ஒன்று நிற்கிறது. சக்கரம் வைத்த அந்த வட்ட வண்டியில் உட்கார்ந்த பிள்ளை, நீங்கள் எட்டிப் பிடிப்பதற்குள் தாழ்வாரத்தைக் கடந்துவிடுவான். வண்டியோடு வேகமாக வந்து மோதுவதைத் தாங்கும் என்று எந்தக் கதவையும் நம்பக் கூடாது. கனடா 2004இல் அந்த வண்டிகளை விற்கவே தடை செய்தது. படியிலிருந்து உருண்டதுதான் முக்கியக் காரணம். மாடியில் அது வேண்டவே வேண்டாம். பாட்டி வாங்கிக் கொடுத்ததாக இருக்கலாம். மனம் நோகாமல் எடுத்துச் சொல்லிக் கீழே இறக்கிவிடுங்கள்.

நான் பிறந்த தோட்டத்து ஆயாக் கொட்டகையின் வாசலில், இரு கால்களிலும் வெட்டிய காடியில் செருகி எடுக்கும் குறுக்குப் பலகை ஒன்று உண்டு. பால் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் பிள்ளையைத் தூக்கிவந்து, அந்தப் பலகைக்கு மேலாக ஆயாவின் கையில் கொடுப்பார்கள். யாரும் பலகையைத் தாண்டிக் காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. ஆயா விட மாட்டார். "நீ தாண்டினால் அதுவும் தாண்டும்" என்று அதட்டுவார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் அதட்ட வேண்டும். கதவைத் திறந்துதான் போக வேண்டும், தாண்டக் கூடாது, திறந்தால் உடனே சாத்த வேண்டும். பெரியவர்கள் தாண்டும்போது கால் இடறி விழுவதும் நடக்கிறது. அதனால் ஒரு கையால் திறக்கக்கூடிய தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்குங்கள். மறு கையில் எப்போதும் பிள்ளையோ துணியோ இருக்கும்.

எத்தனை நாள் வைத்திருப்பது? பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வயது வரை. பிள்ளை கதவின்மேல் ஏறத் தொடங்கினாலோ, தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொண்டாலோ, வயது எதுவானாலும் அன்றே கழற்றிவிடுங்கள். ஏறி விழும்போது கதவின் உயரமும் சேர்ந்துகொள்ளும். அதற்குள் பின்னோக்கித் தவழ்ந்து படி இறங்க அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் நல்லது.

கழற்றும்போது பெரியவர் ஒன்றைக் கவனிப்பார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிச்சம் பட்ட மரமும் படாத மரமும் ஒரே நிறத்தில் இருக்காது. பலகை மூடியிருந்த இடம் சுற்றியுள்ள மரத்திலிருந்து சற்று வேறுபட்டுத் தெரியும். அது கறையும் அல்ல, காயமும் அல்ல. ஈரத் துணியால் துடைத்து, வெளிச்சம் பட விட்டுவிட்டால் சில மாதங்களில் ஒன்றாகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அதுதான் கெடுதல்.

கடைசியாக, நட்டுகள் தளரும். மழைக்காலத்தில் மரம் உப்பி, வெயிலில் சுருங்கும்போது, ஃபெல்ட்டும் நாளடைவில் அமுங்கும்போது, அரைச் சுற்று, கால் சுற்று என்று பிடி விடும். மாதம் ஒரு முறை யாராவது இறுக்க வேண்டும். அந்த வேலையை உங்கள் மாமனாரிடமே கொடுங்கள். 13ஆம் நம்பர் ஸ்பானர் ஒன்றை வாங்கி அவர் கையில் கொடுத்து, எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஒரு முறை காட்டிவிடுங்கள். அந்தத் தூணை அவரைவிடக் கவனமாகத் தொடுகிறவர் உங்கள் வீட்டில் இல்லை.